"குட்டி இருக்கா சார்?"

ஞாயிற்றுக்கிழமை காலை. சேலத்தில் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் நாய் தத்து முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமியானா, நாலு மேசை, பத்துப் பதினைந்து கூண்டுகள். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குட்டி இருக்கா சார்?" இரண்டாவது கேள்வி, "ஆணா, பொட்டையா?" மூன்றாவது, கொஞ்சம் கூச்சத்தோடு, "லேப் கிராஸ் மாதிரி ஏதாவது...?"

கடைசிக் கூண்டில் ஒரு செவலைப் பெட்டை இருக்கிறது. மூன்று நான்கு வயசு இருக்கும். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மூலையில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருக்கிறது. குட்டியும் இல்லை, ஆணும் இல்லை, லேப்பும் இல்லை. யாராவது குனிந்து "ச்சூ ச்சூ" என்றால் உறுமுகிறது. "ஐயோ, இது கடிக்கும் போலிருக்கே" என்று நகர்ந்துவிடுகிறார்கள். மத்தியானத்துக்குள் குட்டிகள் எல்லாம் போய்விடும். புகைப்படம் எடுத்து, "முகாம் மாபெரும் வெற்றி" என்று போட்டுவிடுவார்கள். செவலை வந்த வண்டியிலேயே திரும்பப் போகும்.

சேலத்துச் செவலை என்பது ஒரு கற்பனை நாய்தான். ஆனால் காப்பகம் என்று ஒன்று எங்கே இருந்தாலும் இப்படி நாலு நாய் அங்கே இருக்கும். பிரச்சனை என்னவென்றால், இனிமேல் நாலு நாற்பதாகப் போகிறது. அதற்கு யாரும் தயாராக இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டெல்லி வட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் எட்டு வாரத்துக்குள் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது நினைவிருக்கும். பதினோரு நாளில், ஆகஸ்ட் 22-ல், நீதிபதி விக்ரம் நாத் தலைமையிலான மூன்று பேர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள். வெறிநோய் உள்ளதையும் முரட்டுத்தனம் காட்டுவதையும் மட்டும் விடாதீர்கள் என்றது. வழக்கை நாடு முழுக்கவும் விரித்தது. பிறகு நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு: கல்வி நிலையம், மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் ஆகியவற்றில் இருக்கும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது.

அந்தப் பட்டியலைச் சேலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். புதிய பஸ் ஸ்டாண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை, தெருவுக்கு ஒரு பள்ளி. நாமக்கல்லைச் சொல்லவே வேண்டாம், கோழிப்பண்ணைக்கு அடுத்தபடியாகப் பள்ளிக்கூடத்துக்குப் பேர் போன மாவட்டம்! ஆஸ்பத்திரி வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் நாய்க்கூட்டம் வேண்டாம் என்பதில் தப்பு ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியது வேறு. "காப்பகத்துக்கு அனுப்பு" என்ற இடத்தில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. நாய்க்கு மிச்சம் பத்து வருஷ ஆயுள் இருக்கிறதே, அதற்கு என்ன வழி?

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பொறை தின்று வளர்ந்த நாய் மனுஷ வாடைக்குப் பழகியதுதான். ஆனால் பழகியது தூரத்தில் இருக்கும் மனுஷனுக்கு. யாரிடம் பொறை கிடைக்கும், யார் வெந்நீர் ஊற்றுவான், எந்த பஸ் பின்னால் வரும் என்று ஒரு வரைபடமே அதன் மண்டைக்குள் இருக்கும். ஒரு நாள் வலை விழுகிறது. வண்டி, ஊசி, மயக்கம், வயிற்றில் தையல், காதில் ஒரு வெட்டு. கண் திறந்தால் இரும்புக் கம்பி, பினாயில் நாற்றம், சுற்றிலும் ஐம்பது நாய்களின் ஊளை. வரைபடம் போயிற்று. இதில் சில நாய்கள் இரண்டு நாளில் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்துவிடும். சில நாய்கள் எழுவதே இல்லை. பகலில் சோறு தொடாது, விளக்கு அணைந்த பிறகுதான் தின்னும். ஆள் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும்.

இந்த நாய் "முரட்டு நாய்" பட்டியலில் ஏறுவதற்கு ஒரே ஒரு நிமிஷம் போதும். கூண்டுக்குள் கையை விட்டால் பல்லைக் காட்டும். அவ்வளவுதான், முடிந்தது கதை. முரட்டுத்தனம் என்று ஆகஸ்ட் 22 உத்தரவு சொன்னது சரி, அதை எப்படி அளப்பது? வலை வீசும் ஊழியர் ஒரு நாயைப் பார்ப்பது அதன் வாழ்நாளிலேயே மோசமான நிமிஷத்தில். கழுத்தில் சுருக்கு விழுந்த நிலையில் எவனாக இருந்தாலும் திமிறத்தான் செய்வான்.

பயந்த நாய்க்கும் முரட்டு நாய்க்கும் வித்தியாசம் உண்டு. அது ஒன்றும் பரம ரகசியம் இல்லை, கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். வால் வயிற்றுக்கு அடியில் போயிருக்கும், காது பின்னால் மடிந்திருக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் வெள்ளை விழி தெரியப் பார்க்கும். தூக்கமே வராமல் கொட்டாவி விடும், பசிக்காமலே மூக்கை நக்கும். இதெல்லாம் "தள்ளிப் போ" என்று கெஞ்சுகிற பாஷை. கெஞ்சியும் கேட்காமல் கிட்டே போனால் உறுமும். அப்போதும் கேட்காமல் கை நீட்டினால் கடிக்கும். போக இடம் இருந்தால் ஓடியிருக்கும். கூண்டுக்குள் ஓட இடம் ஏது?

சரி, இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? "பிறவிக் குணம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழுவினர் வருஷக்கணக்காகத் தெருநாய்களை ஆராய்ந்து வருகிறார்கள். 2016-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். இனப்பெருக்க வயசு வரை பிழைத்தவை 19 சதவீதம்தான். செத்தவற்றில் 63 சதவீதத்துக்கு மனிதர்கள்தான் காரணம். வண்டி, அடி, விஷம், தூக்கிக்கொண்டு போவது இப்படி. ஐந்தில் நாலு குட்டி சாகிற தெருவில் பிழைத்து வளர்ந்த நாய் மனுஷனைக் கண்டு நடுங்கினால் அதற்குப் பேர் நோயா, புத்தியா? அதே குழு 2017-ல் இன்னொன்றும் கண்டுபிடித்தது. முன்பின் தெரியாத ஆளிடம் தெருநாய் நம்பிக்கை வைக்க, சோற்றைவிடத் தடவிக் கொடுப்பதுதான் அதிகம் உதவுகிறதாம். பிஸ்கட்டை வீசிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறவர்கள் கவனிக்கவும்.

பயந்த நாய் மாறாது என்பதும் கட்டுக்கதை. அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற பழைய விலங்கு நல அமைப்பு, மிதமிஞ்சிப் பயந்த நாய்களுக்கென்றே தனியாக ஒரு மறுவாழ்வு மையம் நடத்துகிறது. 2013-ல் சோதனையாகத் தொடங்கி, 2018-ல் வட கரோலினாவில் நிரந்தரமாக அமைத்தார்கள். அங்கே சிகிச்சை பெற்ற 441 நாய்களைப் பற்றி 2022-ல் வந்த ஆய்வின்படி 86 சதவீதம் தேறி வெளியே வந்தன. சராசரியாகப் பிடித்த காலம் சுமார் மூன்று மாதம்தான். மாயமந்திரம் ஏதும் இல்லை. தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், நல்ல தீனி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருவது, பக்கத்தில் பயமில்லாத இன்னொரு நாய். "அது அமெரிக்கா சார், அவங்க கிட்ட காசு இருக்கு" என்று ஒரு குரல் வரும். இருக்கட்டும். ஆனால் மேலே சொன்னதில் எது டாலர் கொடுத்து வாங்க வேண்டிய சமாச்சாரம்? நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமா?

இனி நம் பக்கத்துப் பாசக்காரர்களிடம் வருவோம். நாய்களை வெறுக்கிறவர்களைத் திட்டுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். செவலைக்கு வழி இல்லாமல் போனதற்குப் பாதிக் காரணம் நாய்ப் பிரியர்கள்தான்.

முதலாமவர் படம் அனுப்புகிறவர். கண்ணில் நீர் கோத்த மாதிரி ஒரு படம், கீழே "ப்ளீஸ், யாராவது இதற்கு வீடு கொடுங்களேன், நாளைக்குள்", அதற்கும் கீழே மூன்று அழுகிற முகம். வாட்ஸ்அப்பில் நாற்பது குழுவுக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது. வயசு என்ன, ஊசி போட்டாயிற்றா, வேறு நாயோடு சேருமா, ஆணைக் கண்டு பயமா, பெண்ணைக் கண்டு பயமா, கயிறு போட விடுமா என்று ஒரு வரி இருக்காது. "ரொம்ப பாசமான நாய்" என்று மட்டும் இருக்கும். அதை நம்பி ஒருவர் எடுத்துப் போவார், மூன்றாம் நாள் அவர் பையனைக் கடிக்கும், நான்காம் நாள் கூண்டுக்குத் திரும்பும். இந்த முறை அதன் பேருக்கு எதிரே "கடித்தது" என்று எழுதியிருக்கும். பொய் சொல்லி வாங்கிக் கொடுத்த வீடு அந்த நாய்க்கு இருந்த கடைசி வாய்ப்பையும் சாப்பிட்டுவிட்டது.

இரண்டாமவர் இந்த வட்டாரத்துக்கே உரியவர். "தோட்டத்துக்கு ஒரு நாய் வேணும்" என்று வருவார். ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் காடாக இருக்கலாம், ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணையாக இருக்கலாம். நல்ல மனுஷர்தான். நாய்க்கு இடம் தாராளம், சோற்றுக்குக் குறைவில்லை. முகாம் நடத்துகிறவர்களுக்கு வாயெல்லாம் பல். யாருக்கும் வேண்டாத செவலையைத் தள்ளிவிட ஆள் கிடைத்துவிட்டாரே! ஆனால் அங்கே செவலைக்கு என்ன காத்திருக்கிறது? கட்டுத்தரை ஓரம் ஒரு முளை, ஆறடிச் சங்கிலி. ஓட முடியாத பயந்த நாயைச் சங்கிலியில் கட்டினால், முட்டை லாரி வரும்போதெல்லாம், ஆள் மாறும்போதெல்லாம் அது செத்துச் செத்துப் பிழைக்கும். ஆறே மாதத்தில் கிட்டே போகிறவன் கையைக் கவ்வும். "நல்ல காவல் நாய்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சங்கிலி அறுந்த அன்று ஆட்டுப்பட்டியிலோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை மேலோ பாயும். திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், வெள்ளகோவில் பக்கம் நாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்று விவசாயிகள் செத்த ஆடுகளோடு போராடினார்களே, அந்த ஆத்திரம் இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் எட்டாத தூரத்தில் இல்லை. தோட்டமே கூடாது என்பதில்லை. சுற்றி வேலி, கட்டாத நாய், ஏற்கனவே அங்கே வளர்கிற சாதுவான ஒரு நாய், தினமும் சோறு வைக்கிற ஒரே கை இவையெல்லாம் இருந்தால் தோட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. அதைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பெட்ரோல் செலவுக்குப் பயந்து யாரும் போவதில்லை என்பதுதான் விஷயம்.

மூன்றாமவர் "பெங்களூர்ல ஒரு ரெஸ்க்யூ இருக்கு, அனுப்பிடலாம்" என்பார். சென்னை, கோவை, பெங்களூர் எல்லா ஊர்க் காப்பகங்களும் இதையேதான் வேறு ஊரைச் சொல்லிச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. போகிற வழியாவது சரியா என்றால், ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் தனி அறை எடுத்தால் ஒழிய நாய்க்குக் கார்டு பெட்டியில் இருக்கும் இரும்புப் பெட்டிதான். நடுங்குகிற நாயை அதில் ஒரு ராத்திரி அடைத்து அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் இன்னொரு கூண்டு. இதற்குப் பேர் மீட்பா, பார்சலா?

உண்மையில் ஒரு பயந்த நாய்க்கு வேண்டியது காப்பகத்துக்கும் நிரந்தர வீட்டுக்கும் நடுவில் ஒரு வீடு. இரண்டு மூன்று மாதம் வைத்துப் பழக்கிக் கொடுக்கிற வளர்ப்பு வீடு. முதல் மூன்று நாள் யாரும் தொடக்கூடாது, பெயர் சொல்லிக் கொஞ்சக்கூடாது, சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்டக்கூடாது (இதுதான் நம் ஆட்களுக்கு ரொம்பக் கஷ்டம்). ஒரு மூலை, ஒரு சாக்கு, தண்ணீர். நடந்து போகிற போக்கில், முகத்தைப் பார்க்காமல், அவித்த முட்டையில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் அதற்குப் புரியும். மூன்று மாதத்தில் அது என்ன மாதிரி நாய் என்பது வீட்டுக்குப் புரியும். அதுவரை வெளி வாசல் எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும், வெளியே போனால் கழுத்துப்பட்டையும் மார்புப்பட்டையும் இரண்டு கயிறும். பயந்த நாய் முதலில் செய்கிற காரியம் தப்பி ஓடுவது. ஐந்து ரோடு சந்திப்பில் ஓடிய நாய் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்ட் 22 உத்தரவிலேயே இதற்கு ஒரு வாசல் உண்டு, பெரிதாக யாரும் பேசவில்லை. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம். நாய்க்கு அடையாளம் இட்டு ஒப்படைப்பார்கள். அது திரும்பத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. வழக்கில் சேர்ந்துகொள்ள வந்த தனி ஆட்கள் 25,000 ரூபாயும் தொண்டு அமைப்புகள் 2 லட்சமும் கட்ட வேண்டும் என்றும் அதே உத்தரவு சொன்னது, அது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தத்து வாசலை யாராவது தட்டினார்களா?

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் மாவட்டம் தலைவாசலிலும் 2021-ல் திறந்த பெரிய கால்நடைப் பூங்காவோடு சேர்ந்து ஒரு கல்லூரி வந்துவிட்டது. கோழிக்குச் சளி பிடித்தால் ஓடி வருகிற அறிவு அத்தனையும் இந்தச் சமவெளியில் இருக்கிறது. பிடிபட்ட நாயை முரடா, பயமா என்று பார்த்துச் சொல்ல ஒரு கால்நடை மருத்துவரும் இரண்டு மாணவர்களும் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும். பிடித்த அன்றைக்குப் பார்க்கக்கூடாது, ஐந்தாறு நாள் கழித்துப் பார்க்க வேண்டும், மறுபடி ஒரு மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். அது இல்லாமல் "முரட்டு நாய்" என்று எழுதுவது, பரீட்சை வைக்காமல் ஃபெயில் போடுவது மாதிரி.

"மனுஷன் குழந்தையை நாய் கடித்துக் குதறுகிறது, நாய்க்கு மனநலம் பார்க்கச் சொல்கிறீர்களா?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் பொய் இல்லை. 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநோய் வந்தால் பிழைப்பது அநேகமாகக் கிடையாது, அதற்கு ஊசியைத் தவிர வேறு பதிலும் கிடையாது. கடிபட்ட பிள்ளையின் அம்மாவிடம் போய் நாயின் பயத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன் முட்டாள். ஆனால் கூண்டில் பத்து வருஷம் அடைத்து வைப்பதும் இலவசம் இல்லையே. சோறு, மருந்து, கூலி எல்லாம் சேர்த்து நாளைக்கு 40 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், ஒரு நாய்க்குப் பத்து வருஷத்தில் 1,46,000 ரூபாய். நாலு நாயை வீட்டுக்கு அனுப்பினால் மிச்சமாகிற பணத்தில் எத்தனை நாய்க்கு ஊசியும் கருத்தடையும் முடிக்கலாம்! தெருவில் கடி குறைய வேண்டும் என்றால் வேலை நடக்க வேண்டிய இடம் அதுதான். மெட்ராஸில் ப்ளூ கிராஸ் 1964-லேயே கருத்தடை யோசனையைக் கையில் எடுத்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. நடுவில் முப்பத்திரண்டு வருஷம் கொன்றுகொண்டே இருந்தார்கள், நாய் குறையவில்லை. அடைத்து வைத்து மறந்துவிடுவது அதே பழைய கதையின் கௌரவமான வடிவம், ரத்தம் தெரியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கல்லூரி விடுதியில் இருக்கிறவர்கள் நாய் வளர்க்க முடியாது, வார்டன் விடமாட்டார், உண்மைதான். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து விலங்கு நலச் சங்கம் ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, பயந்த நாய்களின் கூண்டுக்கு முன்னால் உட்கார வைத்து, கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறது. பிள்ளைகள் நாயைத் தொடுவதில்லை, கூப்பிடுவதில்லை, தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், அவ்வளவே. மூலையில் கிடந்த நாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பிக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் செமஸ்டருக்குச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்கிற மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். காப்பகத்தில் அனுமதி வாங்கி, கம்பிக்கு வெளியே, கையை உள்ளே விடாமல், சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கலாம். அனாடமியோ அக்கவுண்டன்சியோ, செவலைக்கு இரண்டும் ஒன்றுதான்.